பண்ணைப் பாலத்தில் றீற்றா நின்ற இடம்

என்ரை றீற்றாவுக்கு,

இஞ்சேரும், இதைக் கேட்க முதல் எதையாவது பிடித்துக்கொண்டு இரும். நான் ஓட்டோ ஓடுகிறேன்.

சிரிக்கிறீர் என்று தெரியும். வடிவாய்ச் சிரியும், சிரித்து முடிய மிச்சத்தைச் சொல்கிறேன். உம்முடைய தம்பி யூட் இன்னும் முழுதாய் நம்பவில்லை. நான் படலையால் ஓட்டோவை வெளியே எடுக்கிற நேரம் அவன் எதிரே வந்தால், தன்ரை மீன் லொறியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, இறங்கி மதிலோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறான். அத்தானுக்கு மரியாதை என்று நினைத்துவிடாதேயும். அது பயம்.

வருகிற மாதத்தோடு நீர் போய் ஒரு வருஷம். ஆண்டுத் திருப்பலிக்கு அட்டை அடிக்கவேண்டும் என்று யூட் பட்டணத்து அச்சகத்தில் ஒரு மாதிரி வாங்கிவந்தான். உம்முடைய படம், அதற்குக் கீழே அவர்களிடம் தயாராய்க் கிடக்கிற கவிதை. போன முறை எங்கள் ஊர்ச் சின்னராசாவின் தாய்க்குப் போட்டதும் அதுதான். அதில் நீர் ஒரு விளக்கு, பிறகு ஒரு பூ, பிறகு ஒரு தென்றல். நான் உம்மோடு இவ்வளவு காலம் குடும்பம் நடத்தினேன், ஒரு நாளாவது நீர் தென்றலாய் இருந்ததைக் காணவில்லை. கடலைக் கிளப்புகிற சோளகக் காற்று என்று போட்டிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேன்.

படம் மட்டும் போடு, எழுத்தை நான் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். எழுத எழுத அது அட்டைக்குள் அடங்குகிற மாதிரித் தெரியவில்லை. பங்குச் சுவாமியிடம் சொன்னேன். பூசை முடிய கோயில் மண்டபத்தில் வாசியுங்கோ என்றார். ஆகவே நான் உமக்குச் சொல்வது ஊருக்கும் கேட்கும். கேட்கட்டும். என்னுடைய பயம் இந்த ஊருக்குப் புதுக்கதையா என்ன?

ஆனால் வெளியூரிலிருந்து வந்த சனமும் மண்டபத்தில் இருக்கும். அவர்களுக்காகக் கொஞ்சம் பழசைச் சொல்லவேண்டும். நீர் பொறும்.

எங்கள் மகள் அனற்றுக்குப் பிறந்ததிலிருந்து காது கேட்காது. எங்கள் தீவுப் பக்கம் அவளுக்கேற்ற பள்ளிக்கூடம் இல்லை, பட்டணத்தில்தான் இருக்கிறது. பஸ்ஸை நம்பினால் முதல் பாடம் முடியத்தான் போய்ச் சேரலாம். அதற்காக நீர் ஓட்டோ ஓடப் பழகினீர். பொம்பிளை ஓடுகிற ஓட்டோவில் உயிர் போனாலும் ஏறமாட்டோம் என்று சொன்ன அதே ஆச்சிமார், பிறகு கிளினிக் நாளில் விடியவே எங்கள் படலையடியில் வந்து நின்றார்கள். அனற்றை இறக்கிவிட்டு அவர்களையும் ஆஸ்பத்திரியில் விட்டு, மத்தியானம் எல்லாரையும் பொறுக்கிக்கொண்டு வருவீர்.

மீன் விற்கப் பட்டணம் போகிற நாளில் நானும் வருவேன். பின்சீற்றில், மடியில் ஐஸ் பெட்டியோடு. "கடலில நீங்கள் ராசா, றோட்டில நீங்கள் சாமான்," என்று கண்ணாடிக்குள்ளால் பார்த்துப் பகிடி விடுவீர். அனற்றுக்கு அந்தப் பகிடியைக் கையால் சொல்லவும் மறக்கமாட்டீர். மண்டைதீவுச் சந்தி தாண்டி, பட்டணத்துக்குப் போகிற பண்ணைப் பாலம் தொடங்க முதல் ஓரமாய் நிறுத்தி, கண்ணாடியில் தொங்குகிற செபமாலையின் சிக்கை எடுப்பீர். "உது சிக்கிப்போச்சு, பொறுங்கோ," என்பீர். நான் பெட்டிக்குள் ஐஸ் கரைகிறதே என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

என்ன பயம் என்று கேட்டால் எனக்கே சரியாய்ச் சொல்ல வராது. நான் எங்கேயும் விழுந்ததில்லை, அடிபட்டதில்லை. ஆனால் கடலில் எதிரே ஒரு வள்ளம் வந்தால், அது யாருடைய வள்ளம் என்று யோசிக்க, பீடி பற்றவைக்க, பிறகு விலத்த, எல்லாவற்றுக்கும் நேரமிருக்கும். றோட்டில் லொறி வருகிறதென்றால் அது வந்துவிட்டது. ஒரு முழம் தள்ளி, முகம் தெரியாத ஒருத்தன் தன் பாட்டுக்குப் போகிறான். அவன் தன் பக்கத்திலேயே போவான் என்று நான் நம்பவேண்டும். எதை வைத்து நம்புகிறது? அந்தக் கைப்பிடிப் பக்கமே நான் போகமாட்டேன்.

ஒருதரம் நீர் எனக்குப் பழக்கப் பார்த்தீர், ஞாபகமிருக்கோ? கோயில் வளவில், ஒரு ஞாயிறு பின்னேரம். ஓட்டோவின் வலக்கைப் பிடியை முறுக்கினால் வேகம் வரும். எங்கள் வள்ளத்து மெசினின் பிடியும் முறுக்குகிற பிடிதான். பிழைத்ததே அதிலேதான். முறுக்குகிற பிடி ஒன்று அகப்பட்டதும், நான் கடலில் நிற்கிறேன் என்று என் கை தானாக முடிவெடுத்துவிட்டது. வள்ளத்தில் பிடியை வலப்பக்கம் தள்ளினால் வள்ளம் இடப்பக்கம் திரும்பும். நான் இடப்பக்கம் போக நினைத்து, முழு மனதோடு வலப்பக்கம் தள்ளினேன். ஓட்டோ தள்ளின பக்கமே போனது. அங்கே சின்னராசா வலை காயப் போட்டிருந்தான்.

நிற்பாட்டவேண்டும் என்று எனக்கும் விளங்கினது. அதற்காகப் பிடியை விட்டேன். வள்ளம் என்றால் பிடியை விட்டால் போதும், தண்ணியே பிடித்து நிறுத்தும்.

"இஞ்சேருங்கோ! பிறேக்! பிறேக்கை மிதியுங்கோ! உது கடலில்லை!"

வலைக்குள் சுற்றுப்பட்ட ஓட்டோவை இழுத்தெடுக்க நாலைந்து பேர் வந்தார்கள். இவ்வளவு பெரிய திருக்கை தன் வலையில் ஒருநாளும் படவில்லை என்று சின்னராசா சொன்னான். நீர் மண்ணில் குந்தியிருந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு நான் அந்தப் பிடியைத் தொடவில்லை, நீரும் தொடச் சொல்லவில்லை.

பிறகு உமக்கு வருத்தம் வந்தது, புற்றுநோய். கொழும்புக்குப் போய் வந்தீர், தலைமயிர் கொட்டினது, அப்போதும் தலையில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு அனற்றை ஏற்றிப் போனீர். ஏலாமல் படுத்த பிறகு ஒருநாள் என்னைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கூப்பிட்டீர். 

"அனற்றை ஹொஸ்டலில விடுங்கோ. நான் பள்ளிக்கூடச் சிஸ்டரோட கதைச்சிட்டன்."

"ஏன், நான் பாக்கமாட்டனோ?"

"பாப்பியள். ஆனா உந்த றோட்டு உங்களுக்கு ஏலாது. அதுக்காக நீங்கள் கிடந்து யோசிக்கக்கூடாது. நான் யோசிச்சு முடிச்சிட்டன்."

நான் ஓம், விடுகிறேன் என்றேன். சாகக் கிடக்கிற நேரமும் எனக்குப் பயம் வராமல் பார்த்துக்கொண்ட மனுசிக்கு வேறென்ன சொல்லுகிறது?

நீர் சொன்னபடியே விட்டேன். ஞாயிறு பின்னேரம் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போவேன், வெள்ளி பின்னேரம் கூட்டிக்கொண்டு வருவேன். "ஒரு குழப்படியும் சேட்டையும் இல்லாத பிள்ளை," என்று சிஸ்டர் சொன்னா. அதைக் கேட்டுத்தான் எனக்குக் கவலை பிடித்தது. எங்கள் வீட்டில் குழப்படி இல்லாத ஆள் என்று எப்போதாவது யாராவது இருந்ததுண்டா?

அனற்றின் கை பேசாமல் போய்விட்டது, றீற்றா. வீட்டில் நாங்கள் மூன்று பேரும் வைத்திருந்த கைப்பாஷை உமக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் படித்தது பாதி, அவளாகக் கண்டுபிடித்தது பாதி. உள்ளங்கையை மீன் வால் மாதிரி ஆட்டினால் அப்பா. வலக்கையைப் பொத்தி, ஓட்டோப் பிடியை முறுக்குகிற மாதிரி முறுக்கினால் அம்மா. சாப்பிடும்போதுகூட அந்தக் கை ஓயாது, சோறு பறக்கும், நீர் ஏசுவீர். இப்போது வெள்ளிக்கிழமை வந்து மடியில் கையை வைத்துக்கொண்டு இருப்பாள். கேட்டால் தலையை ஆட்டுவாள். வீட்டில் இரண்டே பேர். ஒருத்திக்குக் காது கேட்காது, மற்றவனுக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

ஒரு ஞாயிறு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஆளைக் காணவில்லை. தேடிப் போனால், வேப்பமரத்துக்குக் கீழ் தறப்பாள் போட்டு மூடின ஓட்டோவுக்குள், பின்சீற்றில் இருக்கிறாள். சீருடை, சப்பாத்து, மடியில் பை. அழவில்லை. முன்சீற்றைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறாள்.

நான் தறப்பாளைத் தூக்கிப் பிடித்தபடி அப்படியே நின்றேன். பஸ் கோர்ண் அடித்துக்கொண்டு சந்தியைத் தாண்டிப் போனது. நான் அவளை இறங்கச் சொல்லவில்லை.

அடுத்த நாள் யூட்டிடம் போய், எனக்கு ஓட்டோப் பழக்கு என்றேன். அவன் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். காய்ச்சலோ என்று.

உம்முடைய தம்பி நல்லவன். ஆனால் அவனுக்கு வாயைத் திறந்தால் சத்தம்தான். "அத்தான், கிளச்! ஐயோ கிளச்! அது கோர்ண், அத்தான்!" அவன் கத்தக் கத்த என் கை விறைக்கும். கோயில் வளவை நாங்கள் சுற்றத் தொடங்கினால் ஊரில் உள்ளவர்கள் கோழிகளைக் கூட்டுக்குள் விட்டுவிடுவார்கள். வலையைச் சின்னராசா கூரையில் காயப் போடத் தொடங்கினான். இரண்டுதரம், இது எனக்கு வேண்டாம் என்று ஓட்டோத் திறப்பை யூட்டின் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஒரு சனிக்கிழமை அனற் கோயில் படியில் இருந்து இதைப் பார்த்தாள். எழும்பி வந்தாள். மாமனை இறங்கச் சொல்லிக் கை காட்டினாள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலோடு பின்சீற்றில் ஏறி, என் தோளில் ஒரு கையை வைத்தாள்.

ஏன் செருப்பைக் கழற்றினாள் என்று பிறகுதான் விளங்கினது. மெசின் சத்தம் அவளுக்குக் கேட்காது, ஆனால் உள்ளங்காலால் தெரியும். மெசின் திணறத் தொடங்கினால் தோளில் ஒரு தட்டு, கியரை மாற்று என்று அர்த்தம். தோளை அமத்தினால் மெதுவாய்ப் போ. காதைப் பிடித்து முறுக்கினால், பிராக்குப் பார்க்காதே, றோட்டைப் பார். இதெல்லாம் உமக்கும் செய்தவளோ? அல்லது எனக்கென்று புதிதாய்க் கண்டுபிடித்தாளோ? கேட்டால் சிரிக்கிறாள்.

அந்த அமைதிதான் எனக்குத் தேவைப்பட்டிருக்கிறது. ஒருவரும் கத்தவில்லை. தோளில் ஒரு சின்னக் கை, அவ்வளவுதான். அன்றைக்கு வளவைச் சுற்றி, வேலியிலோ வலையிலோ முட்டாமல், நிற்கவேண்டிய இடத்தில் நின்றேன். யூட் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான்.

லைசென்ஸ் எடுக்கப் போய் முதல்தரம் பெயில். சந்தியில் நான் எல்லாருக்கும் வழிவிட்டுக்கொண்டு நின்றேன். பாரம் ஏற்றின வள்ளம் முதலில் கரைக்கு வரட்டும் என்பது எங்கள் பழக்கம். றோட்டில் எல்லாரும் பாரத்தோடுதான் வருகிறார்கள், நான் என்ன செய்ய? பக்கத்தில் நின்ற அதிகாரி பார்த்துப் பார்த்துக் களைத்துப்போய், "ஐயா, நீங்கள் இண்டைக்குப் போற யோசனை இருக்கோ?" என்று கேட்டார். அடுத்ததரம் பாஸ்.

ஆனால் லைசென்ஸ் ஒரு கடதாசிதானே. ஊருக்குள் ஓடலாம், வேலணை வரைக்கும் ஓடலாம். பாலத்தைத் தாண்டாவிட்டால் பள்ளிக்கூடம் இல்லை. இந்தப் பள்ளிக்கூடத் தவணை தொடங்கின திங்கட்கிழமை, பயம் பயமாகவே இருக்க, அனற்றை ஏற்றிக்கொண்டு வெளிக்கிட்டேன். இன்றைக்கு முடியாவிட்டால் பின்னேரம் அவளுடைய உடுப்புப் பெட்டியை ஹொஸ்டலுக்குக் கொண்டுபோவது என்று சிஸ்டரிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தேன். அது அனற்றுக்கும் தெரியும்.

வேலணை தாண்டினோம். அல்லைப்பிட்டியில் கோயிலைக் கண்டு சிலுவை போட நினைத்தேன், கையை எடுக்கப் பயம், தலையை மட்டும் குனிந்தேன். மாதா கோபிக்கமாட்டா. மண்டைதீவுச் சந்தி வந்தது. அதற்கு அங்கால் இரண்டு பக்கமும் கடல் திறந்தது.

அங்கேதான் என் கண் றோட்டை விட்டுக் கடலுக்குப் போனது. தண்ணி வற்றிக் கிடக்கிறது, வலைத் தடிகளில் நீர்க்காகம் இருக்கிறது, சோளகம் பக்கவாட்டில் அடிக்கிறது. காற்று அடித்தால் வள்ளத்தின் முகத்தைக் காற்றுக்குக் கொஞ்சம் கொடுக்கவேண்டும். கை அதைத்தான் செய்தது. ஓட்டோ நடு றோட்டுக்குப் போகிறது, அனற் காதை முறுக்குகிறாள், பின்னால் பஸ்காரன் கோர்ணில் கையை வைத்தால் எடுக்கிறான் இல்லை. பஸ் உரசுகிற மாதிரிக் கடந்து போனது. எப்படியோ ஓரத்துக்கு எடுத்து நிறுத்தினேன். பாலம் இன்னும் தொடங்கவேயில்லை.

 தண்ணீர்ப் போத்திலைத் திறக்க முடியவில்லை. திரும்பி அனற்றுக்குக் கையால் சொன்னேன்: அப்பாவுக்கு ஏலாது. இறங்கு. பஸ்ஸில் போவோம்.

அவள் இறங்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வலக்கையைப் பொத்தி முறுக்கினாள். அம்மா. விரலால் கீழே காட்டினாள். இங்கே. உள்ளங்கையை நெஞ்சில் வைத்து, அந்தக் கையை நடுங்கவைத்துக் காட்டினாள்.

எனக்கு விளங்கவில்லை. அம்மாவுக்கு இங்கே என்ன, வருத்தமோ என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். முகத்தில் பயத்தை வரவழைத்துக் காட்டினாள், எங்கள் அனற் முகத்தால் பொய் சொல்லமாட்டாள். பிறகு இரண்டு விரலால் செபமாலை மணிகளை உருட்டினாள். மூச்சை இழுத்து விட்டாள். கையை முன்னால் நீட்டினாள். போவாள்.

முதல் நாளோ, என்று கேட்டேன்.

இல்லை. சூரியன் உதிக்கிறது, சூரியன் உதிக்கிறது, சூரியன் உதிக்கிறது. ஒவ்வொரு நாளும் என்று, அவளுடைய கை களைக்கும்வரை அது உதித்துக்கொண்டேயிருந்தது.

நான் திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தேன். நீர் தொங்கவிட்ட செபமாலை அப்படியே தொங்குகிறது. அவ்வளவு தூரம் நான் குலுக்கிக் கொண்டுவந்தும் அதில் ஒரு சிக்குமில்லை.

ஏன் எனக்குச் சொல்லவில்லை? நான் உமக்குப் பின்னால்தானே இருந்தேன், கை எட்டுகிற தூரத்தில். உமக்குப் பயமே இல்லை என்று நினைத்துத்தான் நான் என்னை நினைத்து வெட்கப்பட்டேன். நான் பயந்தவன், நீர் பயமில்லாதவள் என்று ஊரே பிரித்து வைத்திருந்தது. நீரும் அதற்கு ஒத்துக்கொண்டு சிரித்தீரே. எல்லாருக்கும் பயமில்லாத ஒருத்தி வேண்டியிருந்ததாலோ? அல்லது, சொன்னால் நான் உம்மைப் போகவிடமாட்டேன் என்று நினைத்தீரோ? ஓம், விட்டிருக்கமாட்டேன். அது உண்மைதான்.

நான் அழுதேன், றீற்றா. மண்டைதீவுப் பக்கம், பஸ்ஸும் லொறியும் போகிற றோட்டோரத்தில், முழு ஆம்பிளை இருந்து அழுதேன். அனற் கண் துடைக்கப் பள்ளிக்கூட லேஞ்சியைத் தந்தாள். பிறகு நான் செபமாலையைக் கையில் எடுத்து, மாதாவிடம் ஒரு மன்றாட்டுச் சொன்னேன். மூச்சை இழுத்து விட்டேன். தோளில் ஒரு தட்டு விழுந்தது.

பாலத்தால் எப்படிப் போனேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பயம் போகவில்லை. அதுவும் கூடவே வந்தது. ஆனால் நீர் இத்தனை காலம் அதை ஏற்றிக்கொண்டு ஓடியிருக்கிறீர் என்றால், நானும் ஒரு தரம் ஏற்றிப் பார்ப்போம் என்று நினைத்தேன். கடலை நான் பார்க்கவில்லை. என் வாழ்நாளில் கடலுக்குப் பக்கத்தால் போய் அதைப் பார்க்காமல் விட்டது அன்றைக்குத்தான்.

பள்ளிக்கூட வாசலில் சிஸ்டர் நின்றா. ஓட்டோவைக் கண்டு வாயில் கையை வைத்தா. யார் கூட்டிக்கொண்டு வந்தது என்று அனற்றிடம் கையால் கேட்டா.  அந்த முறுக்குகிற கை உம்முடைய பெயர். அதை எனக்குக் கொடுத்துவிடுவாளோ, கொடுத்தால் நீர் எங்கே போவீர் என்று நினைத்தேன்.

அனற் பையைக் கீழே வைத்தாள். இரண்டு கையும் வேண்டியிருந்தது அவளுக்கு. இடக்கையை மீன் வாலாய் ஆட்டினாள். அந்த மீனுக்குப் பக்கத்தில் வலக்கையைப் பொத்தி முறுக்கினாள். இரண்டையும் சேர்த்தபடி சிஸ்டரின் முகத்துக்கு நேரே நீட்டினாள். அப்பாவும் அம்மாவும் கொண்டுவந்து விட்டார்கள்.

இப்போது நான் நண்டு வலைதான் போடுகிறேன். பின்னேரம் போட்டுவிட்டு, அடுத்த நாள் அனற்றை இறக்கிவந்து பிந்தி எடுக்கிறேன். மற்றவர்கள் பகிடி பண்ணுகிறார்கள். ஆச்சிமாரில் இரண்டு பேர் கிளினிக் நாளில் படலையில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஏறுகிற துணிவு இன்னும் வரவில்லை, வரும். சாப்பாட்டு நேரம் வீட்டில் சோறு பறக்கிறது. நான் ஏசுவதில்லை.

ஒரு வாக்குத் தருகிறேன். பாலத்துக்கு முன் நீர் நிறுத்தின இடத்தில் நானும் ஒவ்வொரு நாளும் நிறுத்துவேன். ஆனால் செபமாலை சிக்கிப்போச்சு என்று சொல்லமாட்டேன். திரும்பி அவளைப் பார்த்து, நெஞ்சில் கையை வைத்து, அப்பாவுக்குப் பயமாயிருக்குது என்று சொல்லிப்போட்டுத்தான் பிடியை முறுக்குவேன். நீர் ஒருதரமும் சொல்லாததையும் சேர்த்து.

இப்படிக்கு,
இனி றோட்டில் சாமானாய் இராத உம்முடைய மனுசன்,
அனற்றின் அப்பா,
சவிரி